பள்ளிக்கூட மணியும் காட்டு வேலையும்

சென்ற முறை, மலைப்பாதை போடுவதற்கு முன் தலைச்சுமையாகச் சரக்கு ஏற்றி இறக்கிய காலத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த பழைய நண்பர் ஒருவர், அவரும் என்னைப் போல ஓய்வு பெற்ற வாத்தியார்தான், "சரக்கு மலையேறின கதையைச் சொல்லிட்டீங்க, பள்ளிக்கூடம் மலையேறின கதையை எப்ப சொல்லப் போறீங்க?" என்று கேட்டார்.

எந்த ஊரில் எந்த ஆண்டு பள்ளி திறந்தார்கள் என்ற பட்டியல் அலுவலகக் கோப்புகளில் கிடக்கும். எனக்கு அதைவிட வேறொன்றைச் சொல்ல ஆசை. பள்ளிக்கூடம் ஒரு வீட்டில் வந்து பிள்ளையை மட்டும் கேட்பதில்லை. கூடவே அந்த வீட்டையும் சில காரியங்கள் கேட்கிறது. மணி அடிக்குமுன் அனுப்பு, குளிப்பாட்டி அனுப்பு, வயிற்றுக்குப் போட்டு அனுப்பு, அறுவடைக்கும் நோன்புக்கும் நிறுத்திக்கொள்ளாதே, எழுதினானா படித்தானா என்று ராத்திரி பார். இன்றைக்கு இதையெல்லாம் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பெற்றோர் கவனத்திற்கு என்று தலைப்புப் போட்டு அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். கைப்பேசியிலும் வந்துவிடுகிறது. என் அப்பா காலத்தில் இது தாளில் இல்லை. வாத்தியார் வாயில் இருந்தது. அதற்கும் முன்னால்?

கீழ்நாட்டில் அதற்கும் முன்னால் திண்ணைப் பள்ளிக்கூடம் இருந்தது. சென்னை கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822-ல் ஒவ்வொரு ஜில்லாவிலும் எத்தனை பள்ளி, எத்தனை பிள்ளைகள் என்று கலெக்டர்களைக் கணக்குக் கேட்டார். 1826-ல் வந்து சேர்ந்த மொத்தக் கணக்கு: 12,498 பள்ளிகள், 1,88,650 பிள்ளைகள். வெறும் எண்ணிக்கையை அனுப்பிவிட்டுப் பேசாமல் இருந்த கலெக்டர்கள்தான் அதிகம். பெல்லாரி கலெக்டர் கேம்பெல் மட்டும் 1823-ல் பள்ளிக்கூடத்துக்குள் என்ன நடக்கிறது என்றும் விவரமாக எழுதி வைத்தார். பெல்லாரி தெலுங்கும் கன்னடமும் பேசும் சீமை. ஆனாலும் அவர் எழுதியதைப் படித்தால் நம் பக்கத்துத் திண்ணைப் பள்ளியையே பார்ப்பது போலிருக்கும்.

காலை ஆறு மணிக்குப் பள்ளி. முதலில் வந்து சேரும் பையனின் உள்ளங்கையில் சரஸ்வதி பெயரை எழுதுவார்கள், அது மரியாதை. இரண்டாவதாக வந்தவன் கையில் ஒரு சுழி, அவனுக்குப் புகழும் இல்லை, பழியும் இல்லை. மூன்றாவது ஆளுக்கு லேசாக ஒரு அடி. நான்காவதுக்கு இரண்டு. அப்படியே ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டு போகும். முப்பதாவது ஆளாக வந்தவன் பாடு என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மணலில் விரலால் எழுதிப் பழகி, பிறகு ஓலையும் எழுத்தாணியும். பெரிய பையன்கள் சின்னப் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அதைத்தான் நாம் சட்டாம்பிள்ளை என்போம். இந்த முறையை எழும்பூரில் அனாதைப் பிள்ளைகள் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எடுத்துக்கொண்டு, 1797-ல் புத்தகமாக எழுதி, இங்கிலாந்து முழுக்கப் பரப்பிவிட்டார். அங்கே அதற்கு மெட்ராஸ் முறை என்றே பெயர். நம் சட்டாம்பிள்ளை கப்பலேறிப் போனது இப்படித்தான்.

திண்ணைப் பள்ளி வீட்டிடம் கேட்டது இரண்டு. ஒன்று, விடியுமுன் பையனை எழுப்பி விடுவது. இன்னொன்று, வாத்தியாரின் வயிற்றுக்கு வழி செய்வது. அரிசியோ தானியமோ காசோ, அறுவடைக்கு ஒரு அளவு, நவராத்திரிக்கு ஒரு அளவு. நவராத்திரியில் பையன்கள் கோலாட்டம் அடித்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் பாடி வாத்தியாருக்குப் பணம் சேர்ப்பார்கள். அதற்கு மகர்நோன்புப் பணம் என்று பேர். அமாவாசை, பௌர்ணமிக்கு விடுமுறை. ஆக, பள்ளியின் நாட்காட்டியும் ஊரின் நாட்காட்டியும் ஒன்றாகவே இருந்தன. ஊர் அறுவடை செய்தால்தானே வாத்தியாருக்கு நெல்!

கேம்பெல் எழுதியதில் என் மனதில் நின்றது அந்த அடிக் கணக்கு அல்ல. கீழ்த்தட்டு, நடுத்தட்டுக் குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்க வைக்கச் சக்தி இழந்துவிட்டன, பிஞ்சுக் கைகால்களுக்குத் தெம்பு வந்தவுடனே அவற்றின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அவர் கவலையோடு குறித்திருக்கிறார். இருநூறு ஆண்டுக்கு முந்தைய கலெக்டர் குறிப்பு இது. நான் வேலை பார்த்த முப்பத்தாறு ஆண்டுகளில் ஒவ்வொரு புரட்டாசியிலும் இதை என் கண்ணால் பார்த்தேன்.

சரி, மலைக்கு வருவோம். நம் பாட்டன்மார் யாரும் திண்ணைப் பள்ளியில் படித்ததாகச் சொல்லி நான் கேட்டதில்லை. திண்ணைப் பள்ளிக்கு நெருக்கமான ஊர் வேண்டும், முப்பது வீடாவது சேர்ந்து ஒரு வாத்தியாருக்குச் சோறு போட வேண்டும். நம் ஊர்களோ இங்கே எட்டு வீடு, அந்த மேட்டில் பத்து வீடு, ஓடைக்கு அப்பால் ஐந்து வீடு. களத்தில் சாமையும் தினையும் கேழ்வரகும் விழும், அதுவும் வீட்டுக்கே பற்றுமா என்ற கணக்கில். பிள்ளைக்குத் தெரிய வேண்டியதை அப்பனும் பாட்டனும் காட்டிலேயே சொல்லிக் கொடுத்தார்கள். எந்த மரத்தில் தேன் வைக்கும், எந்தக் காற்றுக்கு மழை வரும், எந்த விதையை எந்தப் புழுதியில் போட வேண்டும். அந்தப் படிப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கீழே இறங்கி வியாபாரியிடம் மிளகையோ தேனையோ போடும்போது, எழுதிய தாளில் கைநாட்டு வைக்கச் சொன்னால் வைத்துவிட்டு வருவதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்கவில்லை.

மலையில் பள்ளி என்றதும் பெரியவர்கள் வாழவந்தி நாட்டைத்தான் சொல்வார்கள். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயர், மிஷன் ஊழியர், 1913-ல் மணம் முடித்த கையோடு மனைவி ஈவ்லினுடன் மலையேறி வாழவந்தியில் குடியிருந்தார். மருந்து கொடுத்தார், பள்ளிகள் நடத்தினார், எழுத்தோடு கைத்தொழிலும் பழக்கினார். அவர்களுடைய மதப் பணியைப் பற்றி இங்கே பேசப் போவதில்லை. எனக்கு அந்தக் குடும்பத்தில் முக்கியமாகப் படுவது வேறு. அவர்களுடைய மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் கை கால்களுக்கு அறுவை சிகிச்சை செய்து உலகப் புகழ் பெற்ற டாக்டர், 1914-ல் பிறந்து நம் மலையில்தான் வளர்ந்தார். அவருக்குப் பள்ளிக்கூடம் அம்மாதான். மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு பாடம் படிப்பாராம், கீழே அம்மா நிற்பாராம்! ஒன்பது வயதில், 1923-ல், படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். அப்பா வாராவாரம் கடிதம் எழுதுவார். 1929 ஜூனில் ஜெஸ்ஸி பிராண்ட் இங்கேயே காய்ச்சலில் இறந்துபோனார். மகன் அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவே இல்லை. சாவுச் செய்தி தந்தியில் போய்ச் சேர்ந்துவிட்டது, அப்பா உயிரோடிருந்தபோது எழுதிப் போட்ட கடிதம் அதற்குப் பிறகு கப்பலில் போய்ச் சேர்ந்தது. ஈவ்லின் அம்மையார் வயதான காலத்திலும் மலைகளை விடாமல் சுற்றி 1974-ல் காலமானார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அவரையும் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

பிள்ளையைப் படிக்க வைக்க வேண்டுமானால் பிள்ளையைப் பிரிய வேண்டும் என்பது இந்த மலைக்கு அன்றே எழுதி வைத்த கணக்கு போலிருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

சர்க்கார் பக்கம், 1920-ல் சென்னை மாகாணத்தில் தொடக்கக் கல்விச் சட்டம் வந்தது. உள்ளாட்சி மன்றம் விரும்பினால் தன் எல்லைக்குள் கட்டாயக் கல்வி கொண்டுவரலாம், பிள்ளையை அனுப்பாத பெற்றோருக்கு அபராதமும் போடலாம். பள்ளி வீட்டிடம் கேட்பதை நிறுத்தி அதட்ட ஆரம்பித்தது இந்தச் சட்டத்தில்தான். காகிதத்தில் அதட்டல் பெரிதாக இருந்தாலும், கூலிக்காரனிடம் அபராதம் வாங்கப் போகிற அதிகாரி யார்? பெரும்பாலும் அது காகிதத்தோடு நின்றது.

அடுத்தது 1953. நம் வயதுக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, குலக்கல்வித் திட்டம் என்றால் இன்றும் சண்டைக்கு வருவார்கள். முதலமைச்சராக இருந்த ராஜாஜி கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளை இரண்டு வேளையாகப் பிரித்தார். ஒரு பிள்ளைக்கு நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் பள்ளி. மீதி நேரம் தகப்பனோடு இருந்து அவன் தொழிலைக் கற்றுக்கொள்ள வேண்டும். அதே கட்டடம், அதே வாத்தியார், இரண்டு மடங்குப் பிள்ளைகள். கணக்குப் பார்த்தால் கெட்டிக்காரத்தனமாகத்தான் தெரியும். பெரியாரும் தி.மு.க.வும் எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். அந்த ஆண்டு ஜூலையில் நடந்த மும்முனைப் போராட்டத்தில் இது ஒரு முனை. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு வந்தது. 1954 ஏப்ரலில் காமராஜர் முதலமைச்சரானார், மே மாதமே திட்டத்தைக் கைவிட்டார்கள்.

எனக்கு அப்போது ஆறு வயது. பின்னாளில் அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். "அரை நாள் பள்ளிக்கூடம்னா யாருடா வேண்டாம்பாங்க?" என்றார் அவர். மலையின் நடப்புக்கு அரை நாள் பொருந்தும் என்பது உண்மை. காலையில் எழுத்து, மதியம் காடு. ஆனாலும் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தத் திட்டம் ஒரு வீட்டைச் சரியாகப் பார்த்து எழுதப்பட்டதல்ல. ஏழை வீட்டில் ஏழு வயதுப் பிள்ளை தொழில் பழகிக்கொண்டா இருக்கிறது? தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதிர் பிடித்த கொல்லையில் தகரத்தைத் தட்டிக் குருவி விரட்டிக்கொண்டிருக்கும். அதில் கற்றுக்கொள்ள இருப்பது முதல் நாளோடு முடிந்தது. மீதி நாளெல்லாம் ஒரு ஆள் கூலி மிச்சம், அவ்வளவுதான். வீட்டுக்குத் தேவைப்பட்டது அந்தக் கூலிக்கு ஈடாக ஏதாவது. அதோடு, அப்பன் தொழிலையே நீயும் செய் என்று பள்ளிக்கூடமே சொல்லிவிட்டால், கைநாட்டு வைத்தவனின் மகன் கையெழுத்துப் போடுவது எப்போது?

ஈட்டைக் கொண்டுவந்தவர் காமராஜர். 1956-ல் மதிய உணவு. முதலில் ஊர்க்காரர்கள் அரிசியும் பருப்பும் விறகும் கொடுத்து நடத்தினார்கள், பிறகு சர்க்கார் மானியம் வந்தது. கல்வித் துறைத் தலைவராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார். வசதி உள்ளவர் கட்டடம் கொடுத்தார், இல்லாதவர் ஒரு கடிகாரம், நாலு நாற்காலி, ஒரு பானை, பத்து சிலேட்டு. பெற்றோரை அதட்டாமல் மரியாதை கொடுத்துக் கேட்ட காலம் அது. பிறகு கேர் நிறுவனத்தின் மாவும் பால் பவுடரும் வந்தன. பால் பவுடரை வெந்நீரில் கட்டி தட்டாமல் கரைப்பதற்குள் ஆயாவின் கை வலித்துவிடும். அந்த மணம் இன்றும் சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

நான் 1970-ல் வேலைக்குச் சேர்ந்தேன். திருப்புலி நாட்டிலும் பக்கத்து நாடுகளிலும் மாறி மாறி, பெரும்பாலும் ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகள். ஒரே அறையில் ஐந்து வகுப்பு. தண்டவாளத் துண்டு ஒன்றைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருப்போம், அதுதான் மணி. பனி மூட்டத்தில் கட்டடம் தெரியாவிட்டாலும் சத்தம் கேட்கும். ஐப்பசி மழைக்குச் சாக்கைக் கொங்காடையாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு பிள்ளைகள் வருவார்கள். சிலேட்டைத் துடைக்கக் கோவை இலை, கரும்பலகைக்குப் பூசக் கரியும் இலைச்சாறும். ஜூன் மாதம் சேர்க்கை. வயது என்ன என்று கேட்டால் "பெரிய மழை பெஞ்சுதே, அந்த வருசம்" என்பார்கள். வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொட்டால் ஐந்து வயது. பிறந்த தேதியை வாத்தியார்தான் போடுவார். மலையில் என் வயதுக்காரர்களின் சான்றிதழ்களைப் பாருங்கள், பாதிப் பேர் மே, ஜூனில் பிறந்திருப்பார்கள்.

அந்தக் காலத்துப் பெற்றோர் வாத்தியாரிடம் சொல்லும் ஒரே வாசகம் உங்களுக்கும் தெரியும். "கண்ணு ரெண்டை மட்டும் விட்டுட்டு மத்ததையெல்லாம் உரிச்சிடுங்க சார்." இதைச் சொல்லிவிட்டுப் போனால் அடுத்து பரீட்சை முடிந்துதான் வருவார்கள், அதுவும் பாஸா பெயிலா என்று கேட்க. பிள்ளையை முழுவதுமாக ஒப்படைத்துவிடுவது பெரிய நம்பிக்கைதான். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று கேட்க நமக்கு உரிமை இல்லை என்ற எண்ணமும் அதில் கலந்திருந்தது. படித்த ஆளிடம் நாம் என்ன கேட்பது என்று ஒதுங்கி நிற்பார்கள். பள்ளிக்கூட வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வராமல், சன்னல் வழியாகவே கூப்பிடும் தகப்பன்மாரை நான் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் விட்டுக் கொடுக்கவே மாட்டார்கள். அது பருவம். ஜூன், ஜூலையில் பதிவேட்டில் நாற்பது பேர் என்றால் முப்பத்தைந்து பேர் வருவார்கள். புரட்டாசி, ஐப்பசியில் கதிர் முற்றியதும் பாதியாகும். மார்கழி, தையில் காப்பிப் பழம், அதற்குப் பின் மிளகு. சில குடும்பங்கள் வேலை தேடிக் கீழே இறங்கும்போது பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விடும். மேலிருந்து வரும் சுற்றறிக்கைக்கு இந்தப் பருவமெல்லாம் தெரியாது. ஆண்டு முழுக்க ஒரே மாதிரி வருகை வேண்டும், குறைந்தால் விளக்கம் வேண்டும்.

ஒரு முறை வீடு வீடாகப் போய்க் கேட்டேன். ஒரு பாட்டி, பேத்தி நாலாவது படிக்கிறாள், களத்தில் சாமை புடைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "சாரு, உங்க பள்ளிக்கூடம் வருசம் பூரா இருக்கும். இந்தக் கதிரு பத்து நாளுதான் இருக்கும்" என்றார். இதற்கு எந்தச் சுற்றறிக்கையில் பதில் இருக்கிறது? ஊர்க்கவுண்டரோடு உட்கார்ந்து பேசினோம். அறுவடை நடக்கும் வாரங்களில் விடியற்காலை சீக்கிரமே வகுப்பைத் தொடங்கிவிடுவது, குருவி விரட்டும் வேலையை ஒரே பிள்ளைமேல் போடாமல் பெரியவர்களும் மாற்றி மாற்றிப் பார்ப்பது, கைக்குழந்தையைத் தூக்கி வரும் அக்காவைத் திருப்பி அனுப்பாமல் இரண்டையும் உள்ளே உட்கார வைப்பது. அந்தக் கைக்குழந்தைகளில் சிலர் ஐந்து வயதுக்கு முன்னமே எழுத்துக்களைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள் என்பது தனிக் கதை.

1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம் வந்ததும் நிலைமை கண்ணெதிரே மாறியது. சோறு வந்தது என்பது பாதிதான். சமைக்கவும் பரிமாறவும் ஊர்ப் பெண்களே வந்தார்கள். அதுவரை சன்னலுக்கு வெளியே நின்ற அம்மாமார் பள்ளி வளாகத்துக்குள் உரிமையோடு நடமாடினார்கள். யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்று பதிவேட்டைப் பார்க்காமலே சமையலம்மா சொல்லிவிடுவார். எனக்குக் கிடைத்த பெற்றோர் ஆசிரியர் கழகம் அதுதான். சட்டப்படி அமைத்த கழகம் ஆண்டுக்கு ஒரு தரம் கூடும், தீர்மானத்தில் கையெழுத்து வாங்கும், டீ குடித்துவிட்டுக் கலையும்.

முன்பு விட்ட இடத்துக்கு வருகிறேன். வராத பிள்ளைகளுக்குச் சர்க்கார் கண்ட வழி உண்டு உறைவிடப் பள்ளி. பழங்குடியினர் நலத் துறை நடத்தும் இந்தப் பள்ளிகளில் பிள்ளை அங்கேயே தங்கி, சாப்பிட்டு, படிக்கும். ஓடை பெருகினாலும் கதிர் முற்றினாலும் வருகைக் கணக்கு குறையாது. நம் மலையிலிருந்து பட்டம் வாங்கியவர்கள், வேலைக்குப் போனவர்களில் பலர் அங்கே படித்தவர்கள். நன்றியோடுதான் சொல்கிறேன். ஆனாலும் ஆறு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு வரும் தாயின் முகத்தைப் பார்த்தவனுக்கு, அந்த வருகைக் கணக்கின் விலை தெரியும். ஞாயிற்றுக்கிழமை பலாச்சுளையோ வாழைப்பழமோ முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வீட்டுக்கு வந்த பிள்ளை திரும்பிப் போக மாட்டேன் என்று கட்டில் காலைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் வைத்தால் பள்ளி இல்லை, பள்ளியில் வைத்தால் வீடு இல்லை. இங்கிலாந்து அனுப்பிய வெள்ளைக்காரத் தாய்க்கும், நாலு மேடு தாண்டி விடுதியில் விட்ட நம் ஊர்த் தாய்க்கும் தூரம்தான் வேறு. கடிதம் எழுத அந்தத் தாய்க்குத் தெரிந்திருந்தது, இந்தத் தாய்க்குத் தெரியவில்லை.

நான் 2006-ல் ஓய்வு பெற்றேன். அதற்கடுத்து வந்த செயல்வழிக் கற்றலை வேடிக்கை பார்த்தேன். பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை எடுத்துத் தாங்களாகப் படித்தார்கள். சுவரில் அவர்கள் உயரத்துக்கே கரும்பலகை. எனக்குப் பிடித்திருந்தது. பெற்றோர்தான் மிரண்டார்கள். சத்தம் போட்டு வாய்ப்பாடு சொல்லவில்லை, வீட்டுப்பாடம் இல்லை, அடி இல்லை, இது என்ன பள்ளிக்கூடம்?

அந்தக் கேள்வி காற்றோடு போகவில்லை. "அவங்க ஸ்கூல்ல எழுதக் கொடுக்கறாங்க, டை கட்டறாங்க" என்று சொல்லி, கடன் வாங்கியாவது வேனில் ஏற்றிக் கீழே தனியார் பள்ளிக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். எழுபது வளைவு. காலையில் இறங்கி மாலையில் ஏறும் பிள்ளை வாந்தி எடுத்துச் சோர்ந்து தூங்கிவிடும், வீட்டுப்பாடத்தை அம்மா எழுதுவாள். இல்லாவிட்டால் அங்கேயே விடுதி. பள்ளி வீட்டிடம் கேட்கும் விதிகளை இவர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள் என்று எனக்குச் சில நேரம் தோன்றும். இன்ன கலர் உறை, இன்ன அளவு டப்பா, இன்ன நாளில் இன்ன சீருடை. அரசுப் பள்ளி எதையும் கேட்காததால் எதுவும் கொடுக்காது என்று நினைத்துவிட்டார்கள். எங்கள் ஊர்களின் சின்னப் பள்ளிகளில் பதிவேடு மெலிந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

கட்டாயக் கல்விச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்தது. 1920 சட்டத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிள்ளையைச் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று ஒரு பிரிவு இதிலும் உண்டு, ஆனால் அபராதம் கிடையாது. அடிக்கக் கூடாது என்று ஒரு பிரிவு. கண்ணை விட்டு மற்றதை உரிக்கும் பேச்சு அதோடு சட்டப்படி செத்தது. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்றை வைத்து, அதில் முக்கால் பங்கு பெற்றோராக இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும் என்றது. நம் மாநிலத்தில் 2022-ல் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தார்கள். இருபது பேர், அதில் பதினைந்து பேர் பெற்றோர், தலைவர் ஒரு தாய். அதே ஆண்டு செப்டம்பர் 15-ல் காலை உணவுத் திட்டம் முதலில் 1,545 பள்ளிகளில் வந்தது, 2023 ஆகஸ்டு 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும். வயிற்றுக்குப் போட்டு அனுப்பு என்ற விதியைப் பள்ளிக்கூடமே தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொண்டது. உப்புமா, கிச்சடி, பொங்கல். விடியற்காலை காட்டுக்குப் போகும் தாய்க்கு இது எவ்வளவு பெரிய பாரம் இறங்கியது என்பதைச் சாப்பாட்டுக்குக் குறையில்லாத வீட்டில் உட்கார்ந்து சிலர் கேலி பேசும்போது எனக்குக் கோபம் வரும்.

எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவர், ஒரு காலத்தில் அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து என் வகுப்புக்கு வந்த கைக்குழந்தைகளில் ஒருத்தி. எட்டாவது வரை படித்தவர். கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை, ஓடைப் பாலத்துக்குக் கைப்பிடி இல்லை, ஆசிரியர் பணியிடம் காலி என்று நேருக்கு நேர் கேட்கிறார். அவர் அப்பா சன்னலுக்கு வெளியே நின்றவர்.

கூட்டம் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு என்று மேலிருந்து வந்திருக்கிறது. மூன்று மணிக்கு எந்தத் தாய் வீட்டில் இருக்கிறாள்? மிளகு பறிப்பில் இருப்பாள், இல்லை நூறு நாள் வேலையில் இருப்பாள். முதல் இரண்டு கூட்டத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். "மூணு மணிக்கு வெச்சா நாங்க எப்படி சார் வர்றது? அஞ்சு மணிக்கு வெய்யுங்க, எல்லாரையும் நான் கூட்டியாரேன்" என்றாராம் தலைவர். தலைமை ஆசிரியர் நல்ல மனிதர், கடைசி வண்டிக்கு ஓட வேண்டிய கீழ்நாட்டுக்காரர். அறுவடை முடியும்வரை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்வோம், நான் அன்றைக்கு இங்கேயே தங்கிவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். போன மாதம் பதினேழு பேர் வந்திருந்தார்கள், கூடையோடும் அரிவாளோடும்.